கலைத்துறைக்குப் போக நான்கு வழிகள்: காசில்லாத வீட்டிலிருந்து வருபவருக்கு எது தாங்கும்?

வீட்டில் யாரும் கலைத்துறையில் இல்லை. அப்பா ஆலைக்கோ கூலி வேலைக்கோ போகிறார். அம்மாவும் சம்பாதித்தால்தான் மாதம் ஓடும். பிள்ளைக்கோ எழுத்து, சினிமா, ஓவியம், இசை, நடிப்பு என்று ஏதோ ஒன்றில் உண்மையான பிடிப்பு. கையும் நன்றாக வருகிறது. படிப்பு முடிந்து நிற்கும்போது எந்தப் பக்கம் போவது? சம்பளமே இல்லாவிட்டாலும் துறைக்குள் போய் யாரிடமாவது ஒட்டிக்கொள்வதா? கடன் வாங்கியாவது அதையே படிப்பதா? வேறு வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் செய்வதா? துறைக்குள்ளேயே ஒரு தொழிலைக் கற்று, அதில் சம்பாதித்தபடி மேலே வருவதா?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இந்த நான்கில் எதில் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. சரிப்பட்டு வரவில்லையென்றால் திரும்பி வந்து இன்னொன்றைப் பார்க்கலாம். காசில்லாத வீட்டுப் பிள்ளை தப்பான வழியில் இரண்டு வருடம் போய்விட்டால் அந்த இரண்டு வருடத்தைத் திருப்பித் தர ஆளில்லை. ஆகவே முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்குத்தான் அதிகம்.

பிரிட்டனில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே இசை, நிகழ்த்துகலை, ஓவியம் போன்ற காட்சிக்கலை ஆகிய துறைகளில் வேலை செய்பவர்களில் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் 18.2 சதவீதம் என்று சொன்னது. பதிப்புத்துறையில் 12.6 சதவீதம். சினிமா, தொலைக்காட்சி, வானொலியில் 12.4 சதவீதம். அந்த நாட்டில் வேலை செய்யும் மக்கள் அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டால் இந்தப் பின்னணி உள்ளவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருவார்கள். திறமை பிறக்கும்போதே இப்படிப் பங்கு பிரித்து வருவதில்லை. வழியில் எங்கோதான் ஆட்கள் உதிர்கிறார்கள்.

எங்கே என்று கேட்டால், காத்திருக்க வேண்டிய இடங்களில். கலைத்துறை முழுக்கக் காத்திருப்புதான். முதல் வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு காசு வர இரண்டு மாதமோ மூன்று மாதமோ காத்திருக்க வேண்டும். ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும்வரை, ஒரு புத்தகம் அச்சாகி யாராவது படித்துச் சொல்லும்வரை, முதல் முயற்சி விழுந்து இரண்டாவதுக்கு எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு யாரோ சோறு போட்டாக வேண்டும், வாடகை கட்டியாக வேண்டும். சிலருக்கு அதை வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தத் துறைகளில் தோற்றுப்போனார்கள் என்று நாம் சொல்லிவிடுகிறவர்களில் பெரும்பாலோர் காத்திருக்க முடியாமல் வெளியேறியவர்கள் என்றே நான் நினைக்கிறேன். எனவே எந்த வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை நான் முதல் கேள்வியாக வைக்க மாட்டேன். இந்த வழியில் போனால் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்க முடியும், அதுதான் என் முதல் கேள்வி. நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

சம்பளமில்லாமல் உள்ளே போவது

பிரபலமான ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வது, ஒரு நிறுவனத்தில் இலவசமாகப் பயிற்சிக்குப் போவது, "கத்துக்க வந்தவன்தானே" என்று சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் ஏதோ வாங்கிக்கொண்டு படப்பிடிப்பில் ஓடுவது, எல்லாம் இதில் அடங்கும். இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. கலைத்துறையில் வேலை பெரும்பாலும் விளம்பரம் மூலம் வருவதில்லை. ஒருவர் கூப்பிடுகிறார், "ஆள் இருந்தா சொல்லு" என்கிறார், பக்கத்தில் நிற்பவர் பேர் வாயில் வருகிறது. அந்தப் பக்கத்தில் நிற்கும் இடத்துக்குத்தான் இத்தனை பேர் இலவசமாக உழைக்கிறார்கள். அறிமுகம் நிஜமான மூலதனம்.

ஆனால் அந்த மூலதனத்தைச் சேர்க்க எவ்வளவு காலம் ஆகும் என்பதை யாரும் முன்னால் சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் என்று நினைத்துப் போனவருக்கு அது நான்கு வருடமாக நீளலாம். கூடவே சேர்ந்த இன்னொருவருக்கு வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது. அவருக்கு நான்கு வருடம் ஒரு பொருட்டில்லை. உங்களுக்கு ஒன்பதாவது மாதத்தில் தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஒன்பது மாத உழைப்பைப் போட்டுவிட்டு, அறிமுகம் பலன் தரத் தொடங்கும் முன்பே வெளியேற வேண்டிவரும். இந்த வழியின் கொடுமை அதுதான்: பாதியில் விட்டால் பாதிப் பலன் கிடையாது, ஒன்றுமே கிடையாது.

2011-ல் அமெரிக்காவில் ஒரு ஹாலிவுட் படத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். காபி வாங்கி வருவது, கோப்பு அடுக்குவது, தொலைபேசி எடுப்பது என்று சம்பள ஊழியர் செய்யும் வேலையைத்தான் செய்தோம் என்பது அவர்கள் வாதம். 2013-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து வேறொரு அளவுகோலை வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பலன் பெறுவது யார், பயிற்சி பெறுபவரா, நிறுவனமா? சட்டத்தில் அந்தத் தீர்ப்பின் இடம் எதுவானாலும், சேரப்போகும் ஒருவர் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியவில்லை. இந்த வாரம் நான் செய்ததில் எனக்கு என்ன வந்தது? கேமராவைத் தொட்டேனா, படத்தொகுப்பில் வெட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தேனா, ஒரு பக்கமாவது எழுதிக் காட்டித் திருத்தம் வாங்கினேனா? வாரக்கணக்கில் பதில் "இல்லை" என்றே வந்தால், அங்கே உங்களைப் பயிற்றுவிக்கவில்லை, ஆளுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள்.

என் தீர்ப்பு இது. கெடு எழுத்தில் இருந்தால், அந்தக் கெடு மூன்று மாதத்துக்குள் இருந்தால், பேர் போடுவார்கள் என்பது உறுதியானால், அதுவரைக்கும் சாப்பாடும் தங்குமிடமும் ஏற்கனவே கையில் இருந்தால் போகலாம். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். "வாய்ப்பு வரும்போது பணம் பார்க்காதே" என்று அறிவுரை சொல்பவரிடம், அவருடைய அந்த நாட்களில் வாடகையை யார் கட்டினார்கள் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அண்ணனோ மாமாவோ மனைவியோ அந்தக் கதைக்குப் பின்னால் இருப்பார்கள்.

கடன் வாங்கிப் படிப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலைக் கல்லூரியில் ஆசிரியர், கருவி, கூடப் படிப்பவர்கள் என்று மூன்று விஷயம் கிடைக்கிறது. மூன்றிலும் கடைசிவரை உடன் வருவது கூடப் படிப்பவர்கள்தான். பத்து வருடம் கழித்து உங்களை வேலைக்குக் கூப்பிடப்போவது அவர்கள்தான். முதல் வழியில் இலவச உழைப்பைக் கொடுத்து வாங்கும் அறிமுகத்தை இங்கே கட்டணம் கொடுத்து வாங்குகிறோம் என்றும் சொல்லலாம்.

கட்டணம் குறைவான அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தாலோ, படிப்புச் செலவோடு தங்கும் செலவையும் சேர்த்துத் தரும் உதவித்தொகை கிடைத்தாலோ யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள். நான்கு வழிகளிலும் அதுவே நல்லது. பெரிய கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால் கதை வேறு. தொகையைவிட மாதத் தவணைதான் ஆபத்து. படிப்பு முடிந்த அந்த முதல் இரண்டு மூன்று வருடம்தான் சோதித்துப் பார்க்க வேண்டிய வருடங்கள். சின்ன வேலை, வினோதமான வேலை, காசு வராத நல்ல வேலை எல்லாம் அப்போதுதான் செய்ய முடியும். தவணை தலைக்கு மேல் நிற்கிறவர் அப்போது எது சீக்கிரம் சம்பளம் தருமோ அதில் போய் உட்கார்ந்துவிடுவார். கலையைப் படிக்க வாங்கிய கடனே கலையை விட்டு விலகவைக்கும். அதுவும் சான்றிதழ் கேட்காத துறைகளில். எழுத்துக்கும் இயக்கத்துக்கும் யாரும் பட்டம் கேட்பதில்லை, செய்து காட்டியதைத்தான் கேட்கிறார்கள். கட்டடக்கலை போல பட்டம் இல்லாமல் தொழிலே செய்ய முடியாத துறைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

வேறு வேலை, மிச்ச நேரத்தில் கலை

இதைத்தான் சமரசம் என்றும் கோழைத்தனம் என்றும் சொல்லி இளைஞர்களைக் கூச்சப்படவைக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இலக்கியத்தின் பெரும்பகுதி இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார். தமிழில் வண்ணதாசன் வங்கி ஊழியர், இமையம் பள்ளி ஆசிரியர், பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. மூவரும் சாகித்ய அகாதமி விருது பெற்றவர்கள். இவர்கள் வேலையை விட்டிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் "வேறு வேலை" என்று சொல்லும்போது எந்த வேலை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எழுத்தாளர் காஃப்கா 1907-ல் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். நீண்ட வேலை நேரம், எழுதவே முடியவில்லை. ஒரு வருடத்துக்குள் விட்டுவிட்டு 1908-ல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். ஆளும் அவரேதான், ஊரும் அதேதான், தொழில்கூடக் காப்பீடுதான். மாறியது வீடு திரும்பும் நேரம் மட்டும். அவர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை இல்லை, அப்பா வியாபாரி. என்றாலும் இந்த ஒரு பாடம் எல்லோருக்கும் பொருந்தும்.

தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டு மணி வேலை சுலபத்தில் கிடைக்காது என்பதுதான் சிக்கல். அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் அம்மா வீட்டு வேலை செய்தவர். மகளும் கிடங்கு வேலை, பாத்திரம் கழுவும் வேலை, உருளைக்கிழங்கு வறுவலைச் சரிபார்க்கும் வேலை என்று பார்த்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு அப்புறம் வேலைக்குப் போனார். மூளையைக் கேட்காத வேலையாக அவர் தேடிப் பிடித்தது தற்செயல் அல்ல. வேலை உடம்பை எடுத்துக்கொண்டாலும் மண்டைக்குள் கதை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 1995-ல் அவருக்கு, படைப்பாளிகளுக்குத் தரப்படும் பெரிய உதவித்தொகையான மெக்ஆர்தர் நிதி கிடைத்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. இதை "பாருங்கள், முயன்றால் முடியும்" என்று சொல்ல நான் எடுத்து வைக்கவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்தால்தான் எழுத முடியும் என்ற நிலையில் எத்தனை பேர் எழுதாமலே போயிருப்பார்கள் என்பதுதான் என்னை வாட்டுகிறது. ஆனாலும் தேர்வு செய்ய வேண்டியவருக்கு அவரிடம் கற்க ஒன்று உண்டு: எந்த வேலை மனத்தை மிச்சம் வைக்கிறது என்று பார்த்தார்.

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் அப்பா மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி. கார்வருக்கு இருபது வயதுக்குள் இரண்டு குழந்தைகள். நாவல் எழுத நாட்களை ஒதுக்க முடியாது. ஓர் அமர்வில், அதிகம் போனால் இரண்டு அமர்வில் முடியக்கூடியதைத்தான் எழுத முடியும். அதனால் சிறுகதையும் கவிதையும் எழுதினார். மருத்துவமனை ஒன்றில் இரவுத் துப்புரவுப் பணியும் பார்த்திருக்கிறார். நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அதுவே நாம் என்ன எழுதுவோம், எவ்வளவு நீளத்துக்கு எழுதுவோம் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் குறை ஒன்றுமில்லை. ஐந்து மணி நேரம் கிடைக்காதவர் ஆயிரம் பக்க நாவலில் தொடங்கி மனம் ஒடிவதைவிட, முடிக்கக்கூடிய ஒன்றை முடிப்பது நல்லது. முடித்தது கையில் இருந்தால்தான் யாரிடமாவது காட்ட முடியும்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் சம்பளத்தைவிட நேர ஒழுங்கைப் பார்க்கச் சொல்வேன். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட் கலையைக் கொன்றுவிடும். கொஞ்சம் குறைந்த சம்பளமானாலும் தினமும் அதே நேரத்துக்கு முடியும் வேலை அதைக் காப்பாற்றும். பதவி உயர்வு வரும்போதும் கவனம் வேண்டும். கூடுதல் சம்பளத்தோடு வீட்டுக்கும் தொலைபேசி அழைப்பு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கஷ்டம் இருக்கும்போது உயர்வை மறுப்பது லேசான காரியமில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் மறுக்கவும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதாவது மனதில் இருக்க வேண்டும்.

இந்த வழிக்கு இரண்டு பெரிய குறை. ஒன்று தனிமை. பகலில் துறை கூடும் இடங்களில் நீங்கள் இல்லை. யாருக்கும் உங்கள் பேர் தெரியாது. இன்னொன்று, எல்லாக் கலைக்கும் இது ஒத்துவராது. எழுத்து, ஓவியம், இசையமைப்பு ஆகியவற்றை ராத்திரியில் செய்யலாம். நடிப்புக்கும் படமெடுப்பதற்கும் பகல் வேண்டும், கூப்பிட்ட உடனே போக வேண்டும். நாளை காலை பத்து மணிக்கு நடிப்புத் தேர்வு என்று இன்று மாலை சொல்வார்கள். எந்த முதலாளி விடுப்பு தருவார்? நடிகராக விரும்புகிறவர் நிலையான அலுவலக வேலையைவிட, தானே நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வேலையைப் பார்ப்பது நல்லது: வண்டி ஓட்டுவது, வகுப்பு எடுப்பது, நாள் கணக்கு வேலை. வருமானம் நிச்சயமில்லைதான். ஆனால் அந்தத் தொழிலுக்கு வேறு வழி குறைவு.

துறைக்குள்ளேயே ஒரு தொழில்

படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, விளக்கு, ஒப்பனை, மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், கருவிகளைப் பழுது பார்ப்பது. கலைப்படைப்பு உருவாகும் இடத்திலேயே கூலி கொடுத்துச் செய்யப்படும் வேலைகள் இவை. கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் போதும், தேர்ச்சி பெறச் சில வருடங்கள். அரசு நிறுவன இடமோ உதவித்தொகையோ கிடைக்காவிட்டால், என் கணக்கில் சினிமா, வடிவமைப்பு, பதிப்பு ஆகியவற்றுக்குப் போகிற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு நான்கிலும் உறுதியான வழி இதுதான்.

ராபர்ட் வைஸ் என்ற ஹாலிவுட் இயக்குநரின் அப்பா இறைச்சித் தொழிலில் இருந்தவர். 1933-ல், பொருளாதார மந்தத்தில் வீட்டில் பணமில்லாமல் கல்லூரியைப் பாதியில் விட்டார். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் வேலை பார்த்த அண்ணன் அங்கே படச்சுருள் தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து ஒலித்தொகுப்பு, படத்தொகுப்பு என்று நகர்ந்தார். 1941-ல் 'சிட்டிசன் கேன்' படத்துக்குப் படத்தொகுப்பு செய்தவர் அவர். 1944-ல் இயக்குநரானார். பின்னால் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை இரண்டு முறை வாங்கினார். பதினொரு வருடக் காத்திருப்பு. ஆனால் அத்தனை வருடமும் சம்பளத்தோடு காத்திருந்தார், பார்த்துப் பார்த்துக் கற்றார். அண்ணன் ஒருவர் உள்ளே இருந்தார் என்பதையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே ஆளில்லாதவர் முதல் படியிலேயே அதிக நாள் நிற்க வேண்டியிருக்கும்.

ஜெயகாந்தன் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சகத்தில் வேலை பார்த்தவர் என்பது நமக்குத் தெரிந்த கதை. அச்சகம் அவருக்குக் கூலியோடு சேர்த்து வாசிப்பும் பேச்சும் தந்தது. அறிமுகம், சம்பளம், கல்வி மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்த வழியில் மட்டும்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது முத்திரை. எடிட்டர் என்று பேர் வாங்கிவிட்டால் எடிட்டராகத்தான் பார்ப்பார்கள். "நானும் ஒரு கதை வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைக் கொடுப்பார்கள். இரண்டாவது, இது மூன்றாவது வழிக்கு நேர் எதிர்: பகல் முழுக்க மற்றவர் எழுத்தைத் திருத்தியவருக்கு இரவில் தன் எழுத்தைப் பார்க்க அலுப்பாக இருக்கும். களைப்பது அதே தசைதான். எழுத்தாளராக விரும்புகிறவருக்கு நான் இந்த வழியை அவ்வளவாகப் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். காட்சிக்கலைக்காரருக்கும் சினிமாக்காரருக்கும் இது குறைவாகவே தொந்தரவு செய்கிறது. மூன்றாவது, படப்பிடிப்பு வேலைக்கு நேரம் காலம் கிடையாது. குழந்தை உள்ளவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்க்க வேண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதில் சீக்கிரம் வெளியே தள்ளப்படுகிறார்கள். அவர்களுக்கு அறைக்குள் இருந்து செய்யும் தொகுப்பு, ஒலி, சப்டைட்டில் போன்றவை மேல்.

முத்திரையிலிருந்து தப்ப ஒரே வழி, முதல் வருடத்திலிருந்தே சொந்தமாகச் சின்னதாக ஏதாவது செய்துகொண்டே இருப்பது. கூட வேலை பார்ப்பவர்களே நடிக்கட்டும், வாடகைக்குப் போகாத நாளில் கருவியைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிடப் படம் போதும். இயக்குநர் என்று சொல்லிக்கொள்ளக் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும்.

உள்ளே போன பிறகு

எந்த வழியில் போனாலும் இன்னொரு தடை காத்திருக்கும். பிரிட்டனில் சாம் ஃப்ரீட்மனும் டேனியல் லாரிசனும் செய்த ஆய்வில், உயர் தொழில்களுக்குள் நுழைந்துவிட்ட தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வசதியான வீட்டிலிருந்து வந்தவர்களைவிடச் சராசரியாக 16 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். பேச்சு, உடை, எந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், யாரை முதல் பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் எழுதாத விதிகள். அதில் வளர்ந்தவருக்குத் தன்னம்பிக்கை இயல்பாக வருகிறது. மற்றவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் சரிபார்த்துவிட்டுப் பேசுகிறார். அந்தத் தயக்கத்தைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொன்றும் என்னைக் கோபப்படுத்துகிறது. ஏழை வீட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் ஏழ்மையைப் பற்றி மட்டும் எழுதச் சொல்வார்கள். காதல் கதை, துப்பறியும் கதை, வானியல் பற்றிய நகைச்சுவை எல்லாம் மற்றவர்களுக்கு, உங்களுக்குக் கண்ணீர். சொந்த வாழ்க்கையை எழுதுவது உங்கள் உரிமை, அதை எப்போது, எந்த விலைக்குத் தருவது என்பதும் உங்கள் உரிமை. முதல் வாய்ப்புக்காக அதை அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை.

கையெழுத்து

நான்கு வழிக்கும் பொதுவாக, நான் மிக அதிகம் கவலைப்படும் இடம் இது. 1938-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேன் கதாபாத்திரத்தின் உரிமையை ஒரு காமிக்ஸ் நிறுவனத்துக்கு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஷுஸ்டர் தையல்காரர் மகன். அந்தக் கதாபாத்திரம் எவ்வளவு சம்பாதித்தது என்பது உலகுக்குத் தெரியும். 1975-ல், ஷுஸ்டர் பார்வை மங்கி வறுமையில் இருந்தபோது எழுந்த பொதுக் கண்டனத்துக்குப் பிறகுதான் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் தர நிறுவனம் சம்மதித்தது.

இது ஏமாளித்தனத்தின் கதை என்று நான் படிக்கவில்லை. இன்றைக்குப் பணம் தேவைப்படுகிறவர் நாளைய உரிமையை விற்கிறார். வசதியுள்ளவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். அந்த ஒரு வாரம்தான் வித்தியாசம். சில நாடுகளில் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் 1976 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துப் படைப்பாளி திரும்பப் பெற முடியும். கூலிக்காகச் செய்த படைப்புக்கு மட்டும் அது பொருந்தாது. இந்தியாவில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, படத்துக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்கள் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஏழைப் படைப்பாளிக்கு மறுக்கத் தெம்பில்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் என்று இதைச் சொல்வேன்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை எவை? முழு உரிமையா, ஒரு பயன்பாட்டுக்கு மட்டுமா? எத்தனை வருடம்? பணம் எப்போது வரும், வேலை கொடுக்கும் நாளிலா, வெளியாகும் நாளிலா? வெளியாகாமலே போனால்? பேர் எங்கே வரும்? இதில் ஒரு வரி புரியாவிட்டாலும் "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் துறைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் யாராவது படித்துச் சொல்லட்டும். அன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் வாய்ப்பு என்பவர், பெரும்பாலும் நீங்கள் படித்துவிடக் கூடாது என்று நினைப்பவர்தான்.

அரசு நிதியும் இணையமும்

சில நாடுகள் காத்திருப்புக்கே பணம் தந்து பார்த்திருக்கின்றன. அமெரிக்க அரசு 1935-ல் தொடங்கிய கலைஞர் வேலைத் திட்டத்தில் ஜாக்சன் பொல்லாக் போன்ற ஓவியர்கள் சம்பளம் வாங்கினார்கள். எழுத்தாளர்களுக்கான திட்டத்தில் ரிச்சர்ட் ரைட்டும் ரால்ஃப் எலிசனும் இருந்தார்கள். பிரான்சில் மேடை, திரைத் தொழிலாளர் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால் வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. அயர்லாந்து 2022-ல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுக்கத் தொடங்கியது. தகுதியுள்ள விண்ணப்பங்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் என்றதும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. நிதிக் குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதுவது தனிக் கலை. அது பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும். உங்கள் ஊரில் எந்த நிதி இருந்தாலும் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி வேலையை விடாதீர்கள்.

இணையத்தில் வெளியிடுவதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. செய்ததைக் காட்ட அது நல்ல இடம், அவ்வளவுதான். பார்வை எண்ணிக்கையை நம்பி வாடகைக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது.

எப்போது வேலையை விடுவது

மூன்றாவது, நான்காவது வழியில் போகிறவர் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்தே தீருவார். ஃபிலிப் கிளாஸ் பிளம்பராகவும் டாக்ஸி ஓட்டுநராகவும் வேலை பார்த்த இசையமைப்பாளர். 1976-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா என்ற புகழ்பெற்ற இசைநாடக அரங்கில் அவருடைய படைப்பு நிகழ்ந்தது. அதற்கப்புறமும் டாக்ஸி ஓட்டினார். 41 வயதில், இன்னொரு ஆபராவுக்கு நெதர்லாந்திலிருந்து பணத்தோடு ஒப்பந்தம் வந்த பிறகுதான் வண்டியை விட்டார். கைதட்டலை நம்பி விடவில்லை. எலியட்டுக்காக நண்பர்கள் பணம் திரட்டி வங்கியிலிருந்து விடுவிக்கப் பார்த்தார்கள், அது கைகூடவில்லை. அவர் கடைசியில் வங்கியை விட்டது ஒரு பதிப்பகத்தில் சம்பள வேலை கிடைத்தபோது.

விருதோ, நல்ல விமர்சனமோ, பெரிய மனிதரின் பாராட்டோ வந்த வாரத்தில் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். ஒரு வருடச் செலவுக்கான பணம் சேமிப்பிலோ கையெழுத்தான ஒப்பந்தத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பும் தொகையையும் அந்தச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை நிறுத்த உங்களுக்கு மனம் வராது. வீட்டாரிடமும் இதே கணக்கைக் காட்டுங்கள். கலை என்றால் என்ன என்று அப்பா அம்மாவுக்கு விளக்குவது கஷ்டம். பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் இருக்கிறது, அதற்குள் நடக்காவிட்டால் பழைய தொழிலுக்குத் திரும்ப முடியும் என்பது அவர்களுக்கு உடனே புரியும். அதனால் விடும்போது பழைய இடத்தில் சண்டை போடாமல், திரும்பக் கூப்பிடும்படி விட்டு வாருங்கள். அரை நாள் வேலையாக மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது.